காதுக்குள் விட்டுவைத்த ஒன்பது உண்ணிகள்

அன்று தாழங்குளத்தங்கரையில் இருந்தவர்கள் நால்வர். சேற்றில் படுத்து அசைபோடும் எருமை காரி. அதன் முதுகில் உண்ணிக்கொக்கு வெள்ளையன். நாவல் மரத்தில் ஒரு மைனா. நாணலுக்குள் புலி. புலி இருந்தது மற்ற மூவருக்கும் தெரியாது.

வெள்ளையனுக்கு அந்த முதுகில் இரண்டு வேலை. உண்ணி பொறுக்க வேண்டும். புலி வந்தால் கத்த வேண்டும். வயிறும் நிறைந்தது, காலில் சேறும் படவில்லை.

போன ஆனியில் ஒருநாள் காரியின் உடம்பில் ஒன்பதே உண்ணிகள் மிஞ்சின. மைனா அதைக் கவனித்துவிட்டது.

"வேலை முடிந்தது போலிருக்கே, அண்ணே? இனி உங்களைக் காரியக்கா எதற்குச் சுமக்கணும்?"

வெள்ளையன் உண்ணி பொறுக்குவதை நிறுத்தியது. உட்கார்ந்து கணக்குப் போட்டது. புலி வந்து மூன்று கோடை ஆகிறது. மைனாவோ இந்த முதுகின் மேல் கண் வைத்துத் தினமும் வருகிறது. இதில் எது பெரிய ஆபத்து? விதைநெல்லை எந்தக் குடியானவனும் தின்பதில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஒன்பதையும் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, காரியின் காதுகளுக்குள் விட்டுவைத்தது.

ஒன்பது இருபதாயிற்று. ஆவணி பிறந்தபோது அறுபத்து மூன்று.

காது அடைக்கிறது, கொஞ்சம் பார் என்று காரி பலமுறை கேட்டது. குளத்துத் தண்ணீர் போயிருக்கும், தானாக வடிந்துவிடும் என்று வெள்ளையன் ஒவ்வொரு முறையும் சமாதானம் சொன்னது.

நால்வரும் குளத்தங்கரையில் இருந்த அந்த ஆவணி நாளில் நாணல் அசைந்தது. மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது.

"அக்கா, புலி! எழுந்து ஓடு!"

காரி அசைபோட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளையன் இன்னும் உரக்கக் கத்தியது. மைனாவும் சேர்ந்து கத்தியது. காரி திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் வெள்ளையன் அதன் கழுத்தில் ஓங்கி ஓங்கிக் கொத்தியது.

காரியின் முகம் மலர்ந்தது. தலையைச் சாய்த்துக் காதைக் காட்டியது.

"இப்போதாவது பார்க்கத் தோன்றியதே, தம்பி. உள்ளே நன்றாகப் பார்."

புலி பாய்ந்தது.

காரியை அது நாணலுக்குள் இழுத்துப் போயிற்று. மைனா வேறு முதுகு தேடிப் பறந்தது. கரையில் எஞ்சியது கொக்கு ஒன்று. பொறுக்க வேண்டிய உண்ணி அறுபத்து மூன்றும் அப்படியே பாக்கி இருந்தது, உட்கார முதுகுதான் இல்லை.

காக்க வேண்டியவரைக் கெடுத்துத் தன் வேலையைக் காத்துக்கொள்ளப் பார்ப்பவன், இரண்டையும் இழப்பான்.