ஹெல்மெட் போட்டுப் பிடித்த இடம்

நடுவர் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது; உட்காருங்கள். வழக்கு ஒரே ஒரு தாளைப் பற்றியது.

திருப்பூரில் சுகந்தி என்று ஒருத்தி. அவள் மகள் இதழினிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சறுக்கு மரத்துக்கு இதழினி முதல் ஆளாக நிற்பாள், கடைசி ஆளாகச் சறுக்குவாள். யார் தள்ளினாலும் நகர்ந்துகொள்வாள், வாய் திறக்க மாட்டாள். "உம்புள்ளைக்கு வாயே இல்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கக் கேட்க சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். தள்ளின பிள்ளையை விட்டுவிட்டுத் தள்ளப்பட்ட பிள்ளையைக் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

மூன்று தனியார் பள்ளிகளைப் போய்ப் பார்த்தாள். முதல் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு ஏ.சி.; வாசலில் ஒரு ரோபோ. கணவன் பிரபு அங்கேயே விழுந்துவிட்டான்.

"ரோபோ வணக்கம் வெக்குது பாரு சுகந்தி!"

"மனுசங்க யாராச்சும் வெச்சாங்களா?"

இரண்டாவது பள்ளி வீட்டிலிருந்து இரண்டு தெரு. நல்ல டீச்சர்கள்தான். ஆனால் இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பள்ளியிலும் அதே இடைவேளை, அதே குழாயடி. வரிசையில் நின்ற ஒரு பொடிசு தன் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடியது. வரிசை நகர நகர, பின்னால் நின்ற பிள்ளைகள் குனிந்து குனிந்து அந்தப் பாட்டிலை முன்னால் தள்ளி வைத்தார்கள். பக்கத்தில் டீச்சர் யாரும் இல்லை. ஓடிப்போனது திரும்பி வந்து, பாட்டிலை எடுத்து, தன் முறைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிற்று.

"இதழினி இங்கதான் படிக்கிறா," என்றாள் சுகந்தி. பிரபு ரோபோவை மறக்க இரண்டு நாள் ஆனது.

அந்தப் பள்ளி கொடுப்பது முப்பது விண்ணப்பம்தான். முப்பது பேருக்கும் இடம் உறுதி. முப்பத்தொன்றாவது ஆளுக்கு வாசல் கேட்டோடு சரி. காலை ஏழு மணிக்குச் சுகந்தி போய்ச் சேர்ந்தபோது வரிசையின் கடைசியில் ஆள் இல்லை. ஒரு நீல ஹெல்மெட் இருந்தது. அதன் முதுகில் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர். அதன் பின்னால் அவள் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கந்தவேல் என்று ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். நேராக ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் காலை வைத்தார்.

"ஆள் இருக்குதுங்க," என்றாள் சுகந்தி.

"எங்க இருக்குது? தொப்பிதான் இருக்குது."

"வருவாங்க. நீங்க பின்னால வாங்க."

முனகிக்கொண்டே அவளுக்குப் பின்னால் போனார். எட்டு மணிக்கு வாட்ச்மேன் வந்து தலைகளை எண்ணினார். ஹெல்மெட்டை அவர் எண்ணவில்லை. சுகந்தியிடம் வந்து, "முப்பது! மத்தவங்க கிளம்பலாம்," என்றார். மற்றவர்கள் கிளம்பினார்கள். கந்தவேல் மட்டும் அசையவில்லை.

ஒன்பது மணிக்கு ஜன்னல் திறந்தது. வரிசை நகர்ந்தது. முதல் தடவை சுகந்தி ஹெல்மெட்டைக் காலால் தள்ளினாள். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் குனிந்து கையால் நகர்த்தினாள். இருபத்தொன்பது பேர் வாங்கிப் போனார்கள். ஜன்னல் திண்டில் ஹெல்மெட். அதன் பின்னால் சுகந்தி. உள்ளே ஒரே ஒரு விண்ணப்பம்.

"அடுத்தது யாருங்க?" என்றார் கிளார்க் அம்மா.

சுகந்தி திரும்பி வாசல் கேட்டைப் பார்த்தாள். கந்தவேல் ஜன்னலைப் பார்த்தார். "ஹெல்மெட்டுக்குப் புள்ளை இருக்குதுங்களா? அந்த ஆளு இனி வரமாட்டானுங்க."

அந்த ஆளு அப்போதுதான் கேட்டுக்குள் ஓடி வந்தாள். ஜெரினா என்று பெயர், மருந்துக்கடையில் வேலை. மூச்சு வாங்கியது.

"கடைச் சாவி எங்கிட்ட இருந்துச்சுக்கா. திறந்து வெச்சிட்டு வர்றதுக்குள்ள ரோட்ல ஒரே நெரிசல். ஆறரைக்கே வெச்ச ஹெல்மெட்டுங்க அது. எடம் என்னுதுதான்."

கந்தவேல் ஃபைலைத் தூக்கினார். "நேரத்துக்கு இல்லாத ஆளுக்கு எடம் கிடையாது. ஹெல்மெட் செல்லாதுன்னா, அந்த எடத்தை மொதல்ல கேட்டவன் நானு. இந்தம்மா பொய் சொல்லி என்னைப் பின்னால அனுப்பிட்டாங்க. அப்ப ஃபாரம் எனக்குத்தான்."

"வாட்ச்மேன் இந்தம்மாவைத்தானே முப்பதுன்னாரு?" என்றார் கிளார்க் அம்மா. அப்புறம் விண்ணப்பத்தின் மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார். "நீங்க மூணு பேரும் பேசி முடிங்க. எனக்கு டீ ஆறுது."

நடுவர் அவர்களே! முதலில் வைத்தவள் ஒருத்தி, முதலில் கேட்டவர் ஒருவர், முப்பது என்று எண்ணப்பட்டவள் ஒருத்தி. கடைசி விண்ணப்பம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஜெரினாவுக்கு. கந்தவேல் வாதம் முதலிலேயே உடைகிறது: ஹெல்மெட் செல்லாது என்றால் அந்த இடம் பின்னால் நின்ற சுகந்திக்குத்தான் போகும், புதிதாக வந்தவருக்குப் போகாது. வாட்ச்மேன் எண்ணியது கூட்டத்தைக் கலைக்க. வரிசை அவர் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டது. மிச்சம் சுகந்தி. "ஆள் இருக்குது" என்று சொல்லி ஒருவரைத் தடுத்தவள், அதே வாயால் "ஆள் இல்லை" என்று சொல்லி விண்ணப்பம் வாங்க முடியாது. குழாயடிப் பாட்டிலுக்காக இந்தப் பள்ளியைத் தேடி வந்தவள், ஹெல்மெட்டைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனால் அவள் தேடி வந்தது என்ன? சுகந்தி ஹெல்மெட்டை எடுத்து ஜெரினா கையில் கொடுத்தாள். முப்பது அச்சடிக்கத் தெரிந்த பள்ளிக்கு முப்பத்தொன்று அச்சடிக்கத் தெரியாதா என்றால், கேட்க வேண்டிய கேள்விதான். அது தனிச் சண்டை, அதையும் அவள் வாட்ச்மேனிடம் போட்டுவிட்டுத்தான் வந்தாள். இதழினிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த முட்டி மோதும் பள்ளியில் இடம் கிடைத்தது. நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இதழினி, தன் புதுப் பாட்டிலைத் தரையில் வைத்து, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாள்.

"அங்க பாட்டில் வெச்சா அது எடம்னு அவங்களுக்குத் தெரியாதேம்மா."

"அப்ப என்ன பண்ணுவ?"

"ஆள் இருக்குதுன்னு நானே சொல்லிடுவேன்."