ஏரிக்கரையில் விழாத எரிநட்சத்திரம்

கேளுங்கள் மக்களே! ராஜாக்கள் குதிரையிலும் மற்றவர்கள் கால்நடையாகவும் போய்வந்த காலத்தில் ஓர் ஊர் இருந்தது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். ஊருக்கு ஒரே ஓர் ஏரி. அதை நம்பித்தான் அத்தனை வயலும். ஏரிக்குக் காவல் நல்லாண்டி என்பவன்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வானத்தில் பெரிய நெருப்பு உருண்டை ஓடியது. வைக்கோல்போர் பற்றிக்கொண்டதுபோல ஊரெல்லாம் வெளிச்சம். மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்தன. மூன்று எண்ணுவதற்குள் அணைந்துபோனது.

ஊரே வானத்தைப் பார்த்தது. நல்லாண்டி மட்டும் அந்த வெளிச்சத்தில் கரையைப் பார்த்தான். நண்டு வளை ஒன்றில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

காலையில் சாவடிக்கு ஓடினான். "கரை கசியுதுங்க. ஆளுக்கு ஒரு கூடை மண்ணு போட்டா அடைச்சிடலாம்" என்றான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்திருந்தது, விடுவார்களா? நெருப்பு வடக்கே போனதா, மேற்கே போனதா என்று சண்டை. "இருப்பா, இது முடியட்டும்" என்றார் ஊர்த்தலைவர் சொக்கனார்.

நடுப்பகலில் மறுபடி ஓடினான். வளை கை நுழையும் அளவு ஆகியிருந்தது. அங்கே நெருப்பு மஞ்சளா நீலமா என்று சண்டை.

சாயங்காலம் மூன்றாம் முறை ஓடினான். வளையில் தலையே நுழையும். தனியாளாய் மண் சுமந்து அவன் தோள் உரிந்திருந்தது. அங்கே அந்த நெருப்பு ராஜாவுக்கு ஆகாதா, ராணிக்கு ஆகாதா என்று சண்டை!

நல்லாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கே வருகிறது, அவனுக்கு வராதா?

"அட, உங்க நட்சத்திரம் நம்ம கரையிலதான் விழுந்து புதைஞ்சு கிடக்குது! மண்ணைப் போட்டு மூடலேன்னா ஊரே வெந்து போயிடும்!" என்று கத்தினான்.

பிறகு பார்க்க வேண்டுமே! ஒரு நாழிகையில் வளை அடைபட்டது. நல்லாண்டி தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டு தூங்கிப்போனான்.

விடிந்ததும் கரையில் மண்வெட்டிச் சத்தம். ஊரே வெட்டிக்கொண்டு நின்றது.

"சூடு அடங்கியிருக்கும். வானத்துக் கல்லாச்சே, கோயில்ல வைக்கப்போறோம்" என்றார் சொக்கனார்.

நல்லாண்டி அவர் காலில் விழுந்தான். "ஐயா, வெட்டாதீங்க! கல்லும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நான் சொன்னது பொய்!"

"பார்த்தீங்களா, கல்லை இவன் ஒருத்தனே அமுக்கப் பார்க்கிறான்!" என்றது கூட்டம்.

கும்பிட்டுச் சொன்னான். அழுது சொன்னான். பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து சொன்னான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வெட்டினார்கள். கல் வரவில்லை, தண்ணீர் வந்தது. உச்சிப்பொழுதுக்குள் ஏரி காலி. பால் பிடித்திருந்த கதிரெல்லாம் பத்தே நாளில் பதராய்ப் போனது. அந்த வருஷம் ஊரில் ஒரு வீட்டிலும் புதுநெல் குத்தவில்லை.

ஊராரைத் திட்டித் திட்டி என் வாய் வலிக்கிறது. ஆனால் நல்லாண்டியையும் நான் விடுவதாக இல்லை. ஆகவே நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பொய் சொல்லிக் கூட்டிய கூட்டத்தை உண்மை சொல்லிக் கலைக்க முடியாது.