யாருக்கு என்று கேட்ட ஊமத்தை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த நாளில், ஊமத்தை வீட்டுக் கொல்லையில்தான் குடியிருந்தாள். கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாரும் அவளுடைய தங்கைகள். தங்கைகள் குழம்புக்குப் போனார்கள், அக்காள் மருந்துக்குப் போனாள். அவளிடம் விஷம் அப்போதும் உண்டு. ஆனால் அது அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. யார் வந்து நின்றாலும் "யாருக்கு?" என்று கேட்பாள். பெயரையும் நோயையும் சொன்னால், அந்த உடம்பு தாங்குகிற அளவுக்கு விஷத்தைக் குறைத்துவிட்டு இலையைக் கொடுப்பாள். அது ஒரு காலம்! இன்றைக்கு எந்த மருந்து நம்மிடம் பெயர் கேட்கிறது?

அந்தக் கொல்லை குருவம்மாவுடையது. ஊருக்கே வைத்தியம் பார்க்கிறவள் அவள். அவள் புருஷன் முத்திருளனுக்கு இழுப்பு நோய். மழை பிடித்தால் அவனுக்கு மூச்சு முட்டும். ஊமத்தை தந்த இலையைத் தணலில் போட்டுப் புகையைக் காட்டுவாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகிவிடும். "மதினி புண்ணியத்துல பொழச்சேன்" என்று கொல்லைப் பக்கம் பார்த்துக் கும்பிடுவான். குருவம்மாவும் கஞ்சித் தண்ணீரை ஆறவைத்து, ஊமத்தையின் வேரில் ஊற்றிவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருக்கமாட்டார்கள்.

கூடப் பிறந்தவன் என்றதும்தான் நினைவு வருகிறது. குருவம்மாவுக்கு சன்னாசி என்று ஒரு தம்பி இருந்தான். அறுப்பு நேரத்தில் ஒருநாள் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு ஒரு ஊமத்தங்காய் வேணும்."

"எதுக்குடா?"

"அதெல்லாம் கேக்காத. என் பேரைச் சொன்னா அவ தரமாட்டா. மச்சான் பேரைச் சொல்லி வாங்கிக் குடு."

முத்திருளன் அப்போது மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். குருவம்மாவுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் தம்பி முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஊமத்தையிடம் போனாள்.

"அக்கா, எம் புருஷன் சந்தையில இழுத்துக்கிட்டு கெடக்காராம். ஆள் வந்திருக்கு. இலை பத்தாது போல, காயாவே குடுங்க."

ஊமத்தை பதறிப்போனாள். பேர்கூடக் கேட்கவில்லை. வீரியம் குறையாத காயாகப் பார்த்துக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் அவள் காய் கத்தரிப்பிஞ்சுபோல வழவழப்பாக இருக்கும்.

நான்காம் நாள் முத்திருளன் கரும்பைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"இழுப்பு விட்டுருச்சா தம்பி?" என்று ஆசையாய்க் கேட்டாள் ஊமத்தை.

"எனக்கா? எப்போ மதினி?"

அதே வேளையில் தெருவில் அழுகுரல் கேட்டது. களத்து நெல்லுக்குக் காவல் இருந்த பூவலிங்கத்தின் மோர்க்கலயத்தில் யாரோ ஊமத்தங்காயின் விதையை அரைத்துக் கலந்துவிட்டார்கள். மனுஷன் கண் விரிந்துபோய், இல்லாத ஆடுகளை மூன்று நாள் ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். இன்றுதான் கண்மாயில் மிதந்தார். களத்து நெல்லையும் சன்னாசியையும் காணவில்லை.

ஊமத்தை குருவம்மாவைப் பார்த்தாள். குருவம்மா தலையைத் தூக்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் ஊமத்தை வேரைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். தங்கைகள் அழுதார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. முத்திருளனுக்கு இழுப்பு வந்தது. வேறு எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை, உதடு நீலம் பூத்துவிட்டது. குருவம்மா ஊரெல்லாம் தேடி, குப்பைமேட்டுக்கு அப்பால் இருந்த பொட்டலில் ஊமத்தையைக் கண்டாள். அவள் காயெல்லாம் முள்ளாகியிருந்தது.

"யாருக்கு?"

"எம் புருஷனுக்கு அக்கா."

"போன தடவையும் அதைத்தான சொன்ன?"

இந்தத் தடவை சொன்னது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லக் குருவம்மாவிடம் வேறு வார்த்தை இல்லை. வீட்டுக்கு ஓடினாள். புருஷனை முதுகில் தூக்கிக்கொண்டு மழையில் வந்து, செடியின் முன்னால் இறக்கினாள். ஊமத்தை பூவை அகல விரித்து அவன் மூச்சைக் கேட்டாள். விசில் மாதிரி சத்தம் வந்தது. இரண்டு இலையைத் தாழ்த்தினாள்.

பொட்டலில் கிடந்த பாழ்மண்டபத்தில் தீ மூட்டிப் புகை காட்டினாள் குருவம்மா. அவனுக்கு மூச்சு சீரானது. அவள் செடியிடம் வந்து விழுந்து அழுதாள்.

"வீட்டுக்கு வந்துருங்க அக்கா. கொல்லை வெறிச்சுன்னு கெடக்கு."

"எனக்கும் அந்த நெனப்புதான் குருவு. ஒன் கஞ்சித் தண்ணி ருசி நாக்க விட்டுப் போகல. ஆனா வரமாட்டேன். யாரு மெய் சொல்றா, யாரு பொய் சொல்றான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. இனிமே நான் கேக்கவும் மாட்டேன், அளக்கவும் மாட்டேன். முள்ளு மட்டும் வெச்சிருக்கேன். கை வெக்கிறவங்க ஒரு நிமிசம் யோசிக்கட்டும்."

அவள் பேசியது அதுதான் கடைசி.

அந்த மழைநாளுக்குப் பிறகும் ஊமத்தை ஊருக்கு வெளியேதான் தனியாக நிற்கிறாள், காயில் முள்ளும் மூச்சைக் கேட்கிற மாதிரி விரிந்த பூவுமாக. குருவம்மா வழியில் வந்தவர்கள் இன்றும் அவள் முன்னால் நின்று, நோயாளியின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பறிக்கிறார்கள். மெய் சொன்னவருக்கும் பொய் சொன்னவருக்கும் அவள் ஒரே இலையைத்தான் கொடுக்கிறாள்.