நிழல் தொட்ட கல்

ஒரு காட்டில் பட்டுப்போன மரங்களைத் தள்ளிச் சாய்ப்பது யானையின் வேலை. ஆனால் கேட்ட உடனே தள்ளிவிடாது. மரத்தில் குடியிருப்பவர்கள் கிளம்ப நேரம் வேண்டாமா? அதனால் மரத்தைச் சாய்க்கக் கேட்பவர்கள் அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கல்லை வைப்பார்கள். மரத்தின் நிழல் நகர்ந்து வந்து கல்லைத் தொட்டதும், மைனா பறந்துபோய் யானையிடம் சொல்லும். யானை கிளம்பிவிடும். இடையில் மனம் மாறினால் கல்லை எடுத்துவிட வேண்டும்.

ஒரு வேங்கை மரத்துக்குக் கரடி கல் வைத்திருந்தது. மரத்துக்குள் இருந்த கறையான் மேல் அதற்கு அவ்வளவு ஆசை!

அன்று ஓர் அணில் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"கரடியண்ணே! காத்துல என் கூடு பிஞ்சு போச்சு! கண்ணு திறக்காத பிள்ளைங்க மூணும் வெயில்ல கிடக்குதுங்க. இந்த மரத்துப் பொந்தைக் கொடுங்களேன்!"

கரடிக்கு மனசு இளகிவிட்டது. ஓடிப்போய்க் கல்லை எடுத்துத் தூர எறிந்தது. "இனிமே மரத்தைத் தள்ள மாட்டாங்க. தைரியமா ஏறு தாயி!"

அணில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஏறியது. நல்ல காரியம் செய்த பெருமையில் கரடி சுனைப் பக்கம் நடந்தது. வழியில் மைனா எதிர்ப்பட்டது.

"அந்த வேங்கை மரத்துக் கல்லை எடுத்துட்டேன்!" என்றது கரடி.

"எடுக்கும்போது கல்லு கண்ணைக் கூசுச்சா?"

கரடி யோசித்தது. "இல்லையே... மங்கலாத்தான் இருந்துச்சு."

"ஐயையோ! அப்போ நிழல் விழுந்தாச்சு! கல்லை எடுக்குறதுக்கு முன்னாடியே நான் யானைகிட்ட சொல்லிட்டேனே!"

கரடி தலைதெறிக்க ஓடியது. அங்கே யானை நெற்றியை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வேர்கள் படபடவென்று அறுந்தன.

"நிறுத்துங்க! உள்ளே பிள்ளைங்க இருக்கு!"

"வேர் போயிடுச்சு தம்பி! இனி நிறுத்த முடியாது. கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிறேன். சீக்கிரம்!"

யானை துதிக்கையால் மரத்தை வளைத்து இழுத்துப் பிடித்தது. கரடியும் கட்டிப்பிடித்துக்கொண்டது. அணில் ஒரு பிள்ளையை இறக்கியது. இரண்டாவதையும் இறக்கியது. யானையின் கால்கள் நடுங்கின. மூன்றாவதோடு அணில் தரையில் குதித்ததும் இருவரும் பிடியை விட்டு விலகினார்கள். மரம் தடாரென்று விழுந்தது.

அணில் கேட்டது: "நீங்க சொன்னதை நம்பித்தானே அண்ணே ஏறினேன்?"

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைத் தன் முதுகு ரோமத்தில் சுமந்துபோய் வேறொரு பச்சை மரத்தில் சேர்த்தது. அதன்பிறகு கல்லை எடுத்தால் கரடி அங்கேயே உட்கார்ந்துவிடும். கல் மங்கலாக இருந்ததென்றால், யானை வந்து திரும்பிப் போகும்வரை யாரையும் மரத்தை நெருங்க விடாது.

ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அது ஏற்கெனவே கிளம்பிவிட்டதா என்று பார்த்து, முழுக்க ஓய்ந்த பிறகே அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.