சந்தையைக் குனிய வைத்த காசு

அக்சூம் நாட்டில் ஒரு ராஜா இருந்தார். தொப்பை பெரிது, மிடுக்கு அதைவிடப் பெரிது. அந்நாட்டு வெண்கலக் காசில் ஒரு பக்கம் ராஜாவின் முகம் இருக்கும். மறுபக்கம் ‘இது மக்களை மகிழ்விக்கட்டும்’ என்று எழுதியிருக்கும். பரம்பரை வழக்கம்.

ஒருநாள் ராஜா, காசுக்கு அச்சு வெட்டும் ஹகோஸைக் கூப்பிட்டார்.

“என் காசைக் கையில் வாங்குகிறவன் எவனானாலும் தலை குனிய வேண்டும். அப்படி ஒரு காசு அடி. முடியாவிட்டால் உப்புப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கப் போ!”

“எவனானாலுமா, ராஜா?”

“எவனானாலும்!”

பத்தே நாளில் புதுக் காசு சந்தைக்கு வந்தது. துவரம்பருப்பு அளவுதான். அதையும் ஹகோஸ் வழவழவென்று தேய்த்து வைத்திருந்தான். வெங்காயம் வாங்கியவள் காசை நழுவவிட்டுக் குனிந்தாள். விற்றவனும் நழுவவிட்டுக் குனிந்தான். கொஞ்ச நேரத்தில் சந்தையே குனிந்து தரையைத் துழாவியது.

பல்லக்கில் வந்த ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆகா, என்ன பணிவு! எங்கே, அந்தக் காசைக் கொடு!”

பக்கத்தில் நின்ற ஹகோஸ் கொடுத்தான். ராஜாவின் கொழுத்த விரலில் அது நிற்கவே இல்லை. உருண்டு போய் ஒரு கழுதைக்கு அடியில் விட்டையில் விழுந்தது. தன் முகம் கழுதை விட்டையில் கிடப்பதா? ராஜா பதறி இறங்கி, தொப்பை தரையில் உரச, கழுதைக்கு அடியில் தலையை நுழைத்தார். கிரீடம் கழன்றது. சந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“டேய் ஹகோஸ், என்னடா இது?” என்று உள்ளிருந்து கத்தினார் ராஜா.

“மக்களை மகிழ்விக்கட்டும் என்று எத்தனை தலைமுறையாக எழுதுகிறோம், ராஜா! இன்றைக்குத்தான் பலித்திருக்கிறது.”