கூவுகல்

“சாமி, அந்தக் கல்லு என் பாவத்தை வாங்க மாட்டேங்குது” என்றார் திரவியம்.

அவர் கடலோடி. வயது ஐம்பத்தெட்டு. செம்மணல் தேரி ஏறி வந்ததில் மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

தேரிச்சாமி கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்து மூன்று வயதுதான். முன்பு லாரி ஓட்டியவர். எட்டு வருடமாக இந்த மணல்மேட்டில் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறார். ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

“எந்தக் கல்லு, அண்ணாச்சி?”

“கூவுகல்லுதான்.”

தேரி கடலில் இறங்கும் இடத்தில் நாற்பது கரும்பாறைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஒவ்வொன்றிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதில் காற்று புகுந்தால் மனிதர் கூவுவது போலக் கேட்கும்.

முன்னொரு காலத்தில் இந்தக் கரைக்கு எதிரே ஒரு கப்பல் மூழ்கியதாம். கூப்பாடு கேட்டும் கரையில் நின்றவர்கள் போகவில்லையாம். சரக்கு ஒதுங்கட்டும் என்று காத்து நின்றார்களாம். நின்றபடியே கல்லாகிவிட்டார்கள். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆடி அமாவாசையன்று அந்த ஓட்டையில் வாய் வைத்துச் செய்த பாவத்தைச் சொன்னால், கல் அதை விழுங்கிக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள்.

“எத்தனை தடவை சொன்னீங்க?”

“ஏழு வருசமா. ஒரு வருசம் தவறல.”

“தூக்கம் வருதா?”

திரவியம் எரியும் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

சாமி சட்டியைக் கவிழ்த்து வைத்தார். “வாங்க, போய்ப் பார்ப்போம்.”

உச்சி வெயில். மணல் காலைச் சுட்டது. இருவரும் இறங்கினார்கள். கடல் உள்வாங்கிக் கிடந்தது. பாறைகளின் அடிவரை நடந்து போக முடிந்தது.

திரவியம் ஒரு பாறையைக் காட்டினார். சாமி அதன் ஓட்டையில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

“என்ன சொல்லுது, சாமி?”

“ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க.”

“நீங்க இருக்கும்போதா?”

“நான் இருந்தா கல்லு கேக்காதா?”

திரவியம் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. குனிந்து ஓட்டையில் வாயை வைத்தார்.

“உச்சினிமுத்துவும் நானும் ஒரே படகு. இருபது வருசம். அன்னைக்குக் காத்துல படகு கவுந்துபோச்சு. ஒரு காலி கேன் மட்டும் மிதந்துச்சு. அது ரெண்டு பேரைத் தாங்கல. நான்தான் அவனை விடவச்சேன். அலை கொண்டு போயிருச்சுன்னு அவன் பொண்டாட்டி பேச்சிகிட்ட சொன்னேன்.”

நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

சாமி பாறைக்கு நேரே வந்து நின்றார். பெரியவர் ஒருவரிடம் பேசுவது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

“உச்சினிமுத்து உங்களுக்கு என்ன வேணும்?”

காற்று கூவியது.

“புருசனா?”

காற்று கூவியது.

“மகனா? கூடப் பொறந்தவரா?”

சாமி காத்திருந்தார். உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருப்பவர் போலத்தான் இருந்தார்.

திரவியம் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். அலை வந்து வேட்டியை நனைத்துவிட்டுப் போனது. இன்னொரு அலையும் வந்து போனது. பிறகு கையை ஊன்றி எழுந்தார்.

“போய்ச் சொன்னா அவ மன்னிப்பாளா, சாமி?”

“தெரியாது.”

“ஊரு என்னை என்ன செய்யும்?”

“அதுவும் தெரியாது, அண்ணாச்சி.”

“நீங்க கூட வருவீங்களா?”

“தெருமுனை வரைக்கும்.”

பேச்சி வாசலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “வாங்கண்ணே” என்றாள்.

திரவியம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பேச்சியின் கை மீனைப் பரப்பிக்கொண்டே இருந்தது.

“தெரியும்” என்றாள்.

திரவியம் ஓரடி பின்வாங்கினார்.

“மறுநாள் கரை ஒதுங்கினாருல்ல? துணி மாத்தினது நான்தான். வலது கையில மூணு விரல் ஒடிஞ்சிருந்துச்சு. அலையா அண்ணே விரலை ஒவ்வொண்ணாப் பிரிக்கும்?”

“ஏன் தாயி என்னைக் கேக்கல?”

“கேட்டா பொய் சொல்லியிருப்பீங்க.”

அவர் காலில் விழுந்தார். பேச்சி காலை இழுத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் எனக்கு வேண்டாம். எழுந்திரிங்க. கடைசியா அவரு என்ன சொன்னாரு? அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். ஏழு வருசமா அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

திரவியம் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்: “ஒண்ணும் சொல்லல. என் பேரைத்தான் கூப்பிட்டான்.”

“எப்படி?”

“கூப்பிட்டான், தாயி.”

“எப்படிக் கூப்பிட்டாரு? அதே மாதிரி கூப்பிடுங்க.”

திரவியம் வாயைத் திறந்தார். முதலில் வெறும் மூச்சுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. தன் பெயரைத் தானே கூவினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னொருக்கா” என்றாள்.