குடங்கள் வரிசை நின்ற கதை

முன்னொரு காலத்திலே, மேகங்களுக்கே தொண்டை வறண்டுபோன ஒரு வருஷத்திலே, மணற்பட்டணம் என்ற சின்னப் பட்டணத்தில் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு ஊற்று. அதற்கும் ஒரு சாபம்!

அங்கே தண்ணீர் குடிக்க வந்த ஒரு மந்திரவாதியைக் கூட்டம் இடித்துச் சேற்றில் உருட்டிவிட்டது. தாடியெல்லாம் சேறு. கோபம் வராதா? ஊர் முழுக்க ஒரு சுற்றாவது சண்டையில்லாமல் தண்ணீர் எடுத்தால்தான் சாபம் விலகும் என்று சொல்லி, ஒரு பேசும் தவளையைக் காவல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யாராவது இடித்தால் போதும், தவளை கத்தும்: "தள்ளாதே, தள்ளாதே! தள்ளினா தண்ணி கீழே போகும்!" உடனே தண்ணீர் ஒரு முழம் இறங்கும், சேறாய்க் கலங்கும்.

அந்தக் கலங்கலைக் குடித்துத்தான் பவழம் என்ற சிறுமியின் தங்கைப் பாப்பாவுக்கு வயிறு கெட்டுப்போச்சு. "நாளைக்கும் இதே தண்ணின்னா ஊரை விட்டே போயிடலாம்டி" என்றாள் அம்மா.

மறுநாள் மந்திரி வந்தார். "வயதில் பெரியவர்கள் முதலில்!" நேற்றுவரை குமரியாய் இருந்தவர்களெல்லாம் ஒரே நொடியில் கிழவி ஆனார்கள். சண்டை!

"தள்ளாதே, தள்ளாதே! தள்ளினா தண்ணி கீழே போகும்!"

தளபதி வந்தார். "யாரும் அசையக் கூடாது!" கைப்பிள்ளை அழுதது, வீட்டில் உலை கொதித்தது. அசையாமல் யாரால் நிற்க முடியும்?

"தள்ளாதே, தள்ளாதே! தள்ளினா தண்ணி கீழே போகும்!"

மூன்றாவதாகப் பவழம் வந்தாள். "தளபதி மாமா, ஆளை ஏன் நிறுத்துறீங்க? ஆளுக்குக் கால் வலிக்கும், வாயும் சும்மா இருக்காது. குடத்தை நிறுத்துங்க!"

அட! பித்தளைக் குடம், மண்குடம், ஓட்டைக்குப் புளி அடைத்த குடம் எல்லாம் வாய் திறக்காமல் நின்றன. ஆட்கள் புளியமரத்து நிழலில் ஊர்க்கதை பேசினார்கள். ஊற ஊற, அவரவர் முறைக்கு மொண்டார்கள்.

அப்போது ராஜா தன் வெள்ளிக்குடத்தோடு யானைமேல் வந்தார். மந்திரி ஒரு மண்குடத்தை நகர்த்திவிட்டு வெள்ளிக்குடத்தை முன்னால் வைத்தார்.

"தள்ளாதே, தள்ளாதே!"

"மந்திரி மாமா, மண்குடத்தைத் தள்ளினாலும் தள்ளினதுதான்! கடைசியா வந்தது கடைசியில நிக்கட்டும்."

"என்ன வாய் உனக்கு!" என்றார் மந்திரி. ராஜாவோ சிரித்துக்கொண்டே இறங்கி, தன் குடத்தைத் தானே தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து வறுகடலை கொறித்தார்.

பொழுது சாய வெள்ளிக்குடத்தின் முறை வந்தது. அப்போதுதான் பவழம் தலையில் கை வைத்தாள். "ஐயையோ! எங்க குடத்தை வைக்க மறந்துட்டேனே!"

"எனக்கு முன்னால் மொண்டுக்கோ அம்மா."

"வேண்டாம் ராஜா, தவளை பார்க்குது."

எல்லோருக்கும் கடைசியாக அவள் குடத்தை அமிழ்த்தினாள். தவளை வாயைத் திறந்தது... "போச்சு சாபம்!" குபுகுபுவென்று தண்ணீர் பொங்கியது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்! கரையைத் தாண்டி ஏரிக்குள் ஓடியது.

"என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"பாப்பா காத்திருக்கு. குடத்தை இடுப்புக்கு ஒரு கை தூக்கிவிடுங்க!"

ராஜா தூக்கிவிட்டார். பாப்பா மடக்மடக்கென்று குடித்தாள். மிச்சத்தை அம்மா முகத்தில் துப்பிச் சிரித்தாள்.